ஓடாத வண்டிக்கும் ஆயில் மாற்ற வேண்டுமா?



"வண்டி நின்ன இடத்துலேயே நிக்குது. மாசத்துக்கு முப்பது நாப்பது கிலோமீட்டர் ஓடினாலே பெரிசு. இதுக்கு எதுக்கு ஆயில் மாத்தணும்? ஓடினாத்தானே கெட்டுப் போகும்?"

கேளம்பாக்கம், தையூர், படூர் பக்கத்துக் குழுக்களில் ஸ்கூட்டி வைத்திருக்கும் பலருடைய மனதிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. நியாயமான கேள்விதான். ஒரு தடவை ஆயில் மாற்ற கூலியோடு ஐந்நூறு ரூபாயாவது ஆகிவிடுகிறது. அது குழுச் சேமிப்பில் சில மாதத்துப் பணம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதிகம் ஓடாத வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்கக் கூடாது, மாதக் கணக்கைப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம். பக்கத்துத் தெரு, ரேஷன் கடை, பேங்க் என்று கிட்டக் கிட்ட மட்டுமே போய் வரும் வண்டியாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அதற்கு மேல் யார் சொன்னாலும் தேவையில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வது சரியா தப்பா என்று நாமே முடிவு செய்யலாம்.

நம் பகுதியில் நிற்கும் வண்டிகள் ஏன் இத்தனை? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 2018 பிப்ரவரி 24 அன்று சென்னையில் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியமாகக் கிடைத்தது. மீதிப் பணத்துக்கு நம் பெண்கள் பேங்க் கடன் வாங்கினார்கள், குழுவில் உள்கடன் வாங்கினார்கள், நகையை அடகு வைத்தார்கள். அந்தத் திட்டம் இப்போது இல்லை. வாங்கிய வண்டி இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, வண்டிகள் மாதக்கணக்கில் வாசலில் நின்றன. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பயணம் வந்தது. தாம்பரத்துக்கோ அடையாறுக்கோ போக பஸ் இருக்கும்போது நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட யாருக்கு மனசு வரும்? நல்ல விஷயம்தான். ஆனால் கஷ்டப்பட்டுக் கடன் கட்டிய வண்டி சும்மா நின்றே பாழாகக் கூடாது இல்லையா? பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வரும்போது பஸ் இருக்காது, வண்டிதான் வேண்டும்.

இப்போது ஆயிலுக்கு வருவோம். சீல் உடைக்காத டப்பாவில் இருக்கும் ஆயில் சில வருடம் அப்படியே இருக்கும். அதனால் "சும்மா இருந்தா கெடாது" என்று நாம் நினைப்பதில் பாதி உண்மை உண்டு. டப்பாவுக்குள் கெடாத ஆயில் இன்ஜினுக்குள் ஏன் கெடுகிறது? காரணம் தண்ணீர்.

பெட்ரோல் எரிந்தால் புகை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீரும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் சைலன்சர் நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. ஒரு சின்னப் பங்கு மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி, ஆயில் இருக்கும் இடத்துக்குப் போய்விடும்.

சோறு வெந்த பானையை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோர்த்திருக்கும். இன்ஜினுக்குள்ளும் அதேதான். சூடான ஆவி ஜில்லென்று இருக்கும் இரும்பில், அலுமினியத்தில் பட்டதும் தண்ணீராகிவிடுகிறது. வண்டி நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் அந்தத் தண்ணீர் திரும்ப ஆவியாகி, மூச்சுக் குழாய் வழியாக வெளியேறிவிடும். ஆனால் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இரண்டு கிலோமீட்டர் வந்தால்? இன்ஜின் சூடேறும்போதே நிறுத்திவிட்டோம். தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

தண்ணீர் மட்டும் இல்லை. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகவே உள்ளே போகும். அதில் எரியாத துளி சுவரோடு வழிந்து ஆயிலில் கலந்து அதை நீர்த்துப் போகச் செய்யும். எரிந்த புகையில் இருக்கும் பொருட்கள் தண்ணீரோடு சேர்ந்தால் புளிப்புத் தன்மை உள்ள அமிலமாகின்றன. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வைத்தால் பாத்திரம் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த அமிலத்தை முறிக்க ஆயிலிலேயே மருந்து கலந்திருக்கிறார்கள். அந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டே வரும். தீர்ந்த பிறகு அமிலம் பேரிங்கையும் ரிங்கையும் அரிக்கத் தொடங்கும். வெளியே எதுவும் தெரியாது. ஒரு நாள் சத்தம் வரும், புகை வரும், மெக்கானிக் "போர் போயிடுச்சு, இன்ஜின் பிரிக்கணும்" என்பார். அதற்குப் பிறகு செலவு ஐந்நூறில் நிற்காது, ஆயிரக்கணக்கில் போகும்.

அதனால்தான் வண்டியோடு கொடுத்த சர்வீஸ் புத்தகத்தில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருப்பார்கள். நாம் கிலோமீட்டரை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். ஒரு கணக்குப் போடுவோம். வாரம் எட்டு கிலோமீட்டர் ஓடும் வண்டி வருடத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஓடும். 6,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் என்று புத்தகத்தில் போட்டிருந்தால், கிலோமீட்டர் கணக்குப்படி 15 வருடம் கழித்துத்தான் மாற்ற வேண்டும்! அதற்குள் மகள் வளர்ந்து லைசென்ஸ் எடுத்துவிடுவாள், வண்டி இருக்காது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். சில கடைகளில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். மூன்று மாதத்தில் நூறு கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு அது வீண் செலவு. "ஆயில் கறுத்துப் போச்சு பாருங்கக்கா" என்று குச்சியைக் காட்டுவார்கள். கறுப்பு என்பதாலேயே ஆயில் கெட்டதாக ஆகாது. உள்ளே இருக்கும் கரியைக் கழுவி எடுப்பதும் ஆயிலின் வேலைதான், கழுவினால் கறுக்கத்தான் செய்யும். பயப்பட வேண்டிய நிறம் வேறு. பால் விட்ட காப்பி நிறத்தில், நுரை மாதிரி, கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை உடனே மாற்ற வேண்டும், ஆறு மாதம் ஆகிவிட்டதா என்று பார்க்கக் கூடாது. முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாசனை தூக்கலாக அடித்தாலும், அளவு முன்பைவிடக் கூடியிருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆயில் தானாகக் கூடாது, பெட்ரோலோ தண்ணீரோ சேர்ந்தால்தான் கூடும்.

பார்ப்பது சுலபம், அண்ணனையோ வீட்டுக்காரரையோ கூப்பிட வேண்டியதில்லை. வண்டியைச் சமமான தரையில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, ஆயில் மூடியைத் திருகி எடுத்தால் அதோடு ஒரு குச்சி வரும். பழந்துணியால் துடைத்துவிட்டு மறுபடி உள்ளே விட்டு எடுங்கள். திருகாமல் சும்மா செருகிப் பார்ப்பதா, திருகிப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், புத்தகத்தில் படம் போட்டிருக்கும். குச்சியில் இரண்டு கோடு இருக்கும். ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் வண்டிக்கு நல்லது என்று நினைக்காதீர்கள், அதுவும் கெடுதல்தான்.

எந்த மாதத்தில் மாற்றுவது? இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. எங்கள் யோசனை தை மாதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் காற்றே ஈரமாக இருக்கும். ஒரு பக்கம் கோவளம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் கழிமுகம். இன்ஜின் சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும், அதோடு ஈரமும் போகும். மழைக்காலம் முடிந்ததும் அந்த ஈரம் சேர்ந்த ஆயிலை வெளியேற்றிவிடுவது நல்லது. போகிக்குப் பழையதைக் கழிக்கும்போது இதையும் கழித்துவிட்டால் தேதி மறக்காது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறவர்கள் தையில் ஒன்று, ஆடியில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒருவேளை பிரசவத்துக்காகத் தாய் வீடு போகிறீர்கள், ஐந்தாறு மாதம் வண்டியை யாரும் தொட மாட்டார்கள் என்றால், திரும்பி வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். போவதற்கு முன்பே மாற்றிவிட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். அமிலம் ஏறிய பழைய ஆயில் ஆறு மாதம் பேரிங்கிலேயே ஊறிக்கொண்டு இருக்கக் கூடாது.

இன்னொரு பழக்கம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வண்டி கெடக் கூடாது என்று தினமும் காலையில் வாசலிலேயே இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறார்கள். நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்கிறோம். மேலே சொன்ன தண்ணீரும் பெட்ரோலும் சேருவது இந்த இரண்டு நிமிடத்தில்தான் அதிகம். பேட்டரியும் ஏறாது, ஸ்டார்ட் செய்ய இறங்கிய அளவுகூடத் திரும்ப ஏறாது. தினமும் இரண்டு நிமிடத்தைவிட வாரம் ஒரு நாள் இருபது முப்பது நிமிடம் ஓட்டுவது எவ்வளவோ மேல். கேளம்பாக்கத்தில் இருந்து கோவளம் போய்த் திரும்பினாலே பத்து கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். மீன் வாங்கின மாதிரியும் ஆச்சு, வண்டி சூடான மாதிரியும் ஆச்சு. கதவை மூடிய ஷெட்டிலோ, வீட்டு நடையிலோ மட்டும் இன்ஜினை ஓட விடாதீர்கள். அந்தப் புகையில் வாசனையே தெரியாமல் ஆளைக் கொல்லும் வாயு இருக்கிறது.

மழை வெள்ளம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு முழுகியபோது வண்டியும் முழுகியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னை சுற்றுவட்டாரத்தில் இதே நிலைதான். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் செய்யும் முதல் வேலை, "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று பட்டனை அழுத்துவது. அதை மட்டும் செய்யாதீர்கள். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே போனால் அதைத் தாங்கும் கம்பியே வளைந்துவிடும். ஆயில் மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய வேலை இன்ஜின் மாற்றும் வேலையாகிவிடும்.

தண்ணீர் சைலன்சர் உயரத்துக்கு வந்திருந்தாலே சாவி போடாமல் தள்ளிக்கொண்டு போங்கள். மெக்கானிக் பிளக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றுவார். ஆயிலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றிச் சில நிமிடம் ஓட விட்டு, அதையும் இறக்கி, மறுபடி புதிது ஊற்ற வேண்டும். இரண்டு தடவை ஆயில் போட்டதாகப் பில் வந்தால் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம், இந்த ஒரு நேரத்தில் அது சரி. பின்சக்கரத்துப் பக்கம் இருக்கும் கியர் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள். முழு இன்சூரன்ஸ் இருப்பவர்கள் வண்டியை நகர்த்தும் முன்பே தண்ணீரில் நிற்பதைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது.

கடையில் ஆயில் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பெரும்பாலான ஸ்கூட்டருக்கு முக்கால் லிட்டர் அளவில்தான் பிடிக்கும். அதனால்தான் 800 மில்லி டப்பா விற்கிறார்கள். டப்பா சீல் நம் கண் முன்னால் உடைய வேண்டும். டிரம்மில் இருந்து அளந்து ஊற்றும் ஆயில் வேண்டாம், மலிவாக இருந்தாலும் வேண்டாம். டப்பா மேல் 10டபிள்யூ-30 என்பது போல எண் இருக்கும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் என்ன எண்ணோ அதையே கேளுங்கள். பைக்குக்கான ஆயிலும் ஸ்கூட்டருக்கான ஆயிலும் ஒன்றல்ல. கியர் போடும் பைக்கில் கிளட்சே ஆயிலில் மூழ்கி இருக்கும், பெரும்பாலான ஸ்கூட்டரில் கிளட்சு தனியாகக் காய்ந்து இருக்கும். அதனால் சேர்மானம் மாறுகிறது. டப்பா காலியானதும் வாயை உடைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், அதே டப்பாவில் போலி ஆயில் வராமல் இருக்கும். அடியில் இருக்கும் போல்டைக் கண்டபடி முறுக்கினால் மரை போய்விடும், ஏனென்றால் போல்ட் இரும்பு, இன்ஜின் அலுமினியம். அதன் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்வது நல்லது, சில ரூபாய்தான். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

புது வண்டி வாங்கியவர்கள் முதல் சர்வீஸைத் தள்ளிப் போடக் கூடாது. புது இன்ஜினில் இரும்புப் பொடி உதிரும், அது முதல் ஆயிலோடு வெளியே போக வேண்டும். ஓடவில்லை என்று காரணம் சொல்லி இலவச சர்வீஸ் தேதியை விட்டால் வாரண்டியிலும் சிக்கல் வரும்.

பழைய டிவிஎஸ் 50, எக்ஸ்எல் சூப்பர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி பொருந்தாது. அவை பெட்ரோலோடு 2டி ஆயில் கலந்து ஓடும் வண்டிகள். அந்த ஆயில் எரிந்தே போய்விடும், அதை இறக்கி மாற்ற வேண்டியதில்லை. 2015இல் வந்த எக்ஸ்எல் 100 அப்படி இல்லை, அது நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், அதற்கு ஆயில் மாற்ற வேண்டும். இரண்டும் பார்க்க ஒன்று போல இருப்பதால் குழப்பம் வருகிறது. கரண்டில் ஓடும் ஸ்கூட்டருக்கு இன்ஜின் ஆயிலே கிடையாது.

குழுவாகச் சேர்ந்து சரக்கு ஆட்டோ வாங்கியிருக்கும் இடங்களில் கவலை வேறு விதம். சீசனில் காய்கறி, ஊறுகாய், மசாலாப் பொடி ஏற்றிக்கொண்டு ஓடும், மற்ற மாதங்களில் நிற்கும். "அவங்க பார்த்துப்பாங்க" என்று ஒருவரை ஒருவர் நம்பி, கடைசியில் யாரும் பார்ப்பதில்லை. டிரைவர் மாறினால் போச்சு, கடைசியாக எப்போது ஆயில் மாற்றியது என்று சொல்ல ஆள் இருக்காது. ஆயில் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், பில் தொகை மூன்றையும் தீர்மான நோட்டிலேயே எழுதி, பில்டரும் மாற்றியாச்சா என்று பொருளாளர் கேட்டுப் பதிவு செய்வது நல்லது. டீசல் வண்டி என்றால் கரி அதிகம் சேரும், சீசன் முடிந்து நிறுத்தும்போதே ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

கடைசியாக, இறக்கிய பழைய ஆயில். வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் சிலர் அதை வாங்கி வைத்துக் கதவு, வேலிக் கால், கட்டில் கால் என்று கரையானுக்குப் பூசுகிறார்கள். சிலர் மாட்டுப் புண்ணுக்குத் தடவுகிறார்கள், இது ரொம்பத் தப்பு. பயன்படுத்திய இன்ஜின் ஆயில் அபாயக் கழிவு என்று அரசு விதியிலேயே இருக்கிறது. தோலில் அடிக்கடி படக் கூடாது, பட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கிணற்றோரம், ஏரிக்கரை, கால்வாயில் ஊற்றினால் அது நாம் குடிக்கும் தண்ணீருக்குத்தான் வரும். புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி இறுக்கி மூடி, மெக்கானிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். அங்கே டிரம்மில் சேர்த்து வைத்துப் பழைய ஆயில் வாங்குகிறவர்களிடம் போடுவார்கள்.